மொட்டை மாடிக்கு வந்த குரு தத்தும் கீதா தத்தும்: மும்பை மாட்டுங்காவிலிருந்து ஒரு நன்றி மடல்

அன்புள்ள அக்கம்பக்கத்தாருக்கும் நண்பர்களுக்கும்,

வணக்கம். அக்டோபர் 10 அன்று நம் கட்டடத்து மொட்டை மாடியில் நடந்த, இந்திப் பட இயக்குநரும் நடிகருமான குரு தத்தின் நூற்றாண்டு மாலைக்கு வந்தவர்களுக்கும், வர முடியாமல் போன் செய்தவர்களுக்கும் நன்றி. அன்றைக்கு நன்றி சொல்ல எழுந்தபோது மைக் மக்கர் செய்துவிட்டது. பாதிப் பேரைச் சொல்லாமலே இறங்கிவிட்டேன். நாலு நாளாக அது உறுத்திக்கொண்டே இருக்கிறது, அதனால்தான் இந்த மடல். "என் பேரெல்லாம் போட வேண்டாம்" என்று சிலர் சொல்லிவிட்டதால் யார் பெயரையும் போடவில்லை. அவரவருக்கு அவரவரைத் தெரியும்.

ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஜூன் மாதம் நான் எழுதி வைத்திருந்த உரை வேறு. பன்னிரண்டு பக்கம். தலைப்பு "ஒரு மேதையின் தனிமை". அதில் அவர் மனைவி, பாடகி கீதா தத்துக்குக் கொடுத்த இடம் ஒன்றே கால் பக்கம். அதிலும் பாதி, அவர் குடித்ததைப் பற்றி. நீங்கள் அன்று கேட்டது அதைக் கிழித்துப் போட்டுவிட்டு எழுதியது. கிழிக்க வைத்தவர்களுக்குத்தான் இந்த மடலில் பெரும்பங்கு நன்றி.

முதல் கிழிசல் மூன்றாம் மாடிக் கொங்கணிப் பாட்டியால். குரு தத்தை நான் பெங்காலி என்றே வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தவன். பெயர் அப்படி, வளர்ந்ததும் கல்கத்தா பவானிபூரில். பாட்டி சிரித்துவிட்டு, "அவன் எங்க பானப்புப் பையன்டா" என்றார். கொங்கணி பேசும் சித்ராபூர் சாரஸ்வதச் சமூகத்தார் தங்களை அப்படித்தான் சொல்லிக்கொள்வார்கள். 1925 ஜூலை 9 அன்று பெங்களூரில் பிறந்தபோது வைத்த பெயர் வசந்த் குமார். சின்ன வயதில் ஏதோ விபத்து நேர்ந்ததால், இந்தப் பெயர் ராசியில்லை என்று குருதத்த என்று மாற்றினார்கள். குடும்பப் பெயர் படுகோன், குந்தாபுரம் பக்கத்து ஊர். சினிமாவுக்கு வந்ததும் படுகோனை விட்டுவிட்டு, ஒரே பெயரை இரண்டாக வெட்டி குரு தத் ஆனார்.

பாட்டி அதோடு விடவில்லை. "அப்போ தத் என்பது வீட்டுப் பேரே இல்லையே. அந்தப் பொண்ணு கல்யாணம் பண்ணிண்டு எடுத்துக்கிட்டது அவன் பேரில் பாதி." இதை நான் எந்தப் புத்தகத்திலும் கவனித்ததில்லை. கீதா ராய் என்று நாடே அறிந்திருந்த ஒருவர், ஒரு முழுக் குடும்பப் பெயர்கூட இல்லாத பாதிப் பெயரை வாங்கிக்கொண்டு கீதா தத் ஆனார். பாட்டி, அன்று மாலை அதிகம் கைதட்டல் வாங்கிய வரி உங்களுடையது. நான் என்னுடையது மாதிரி சொல்லிவிட்டேன், மன்னிக்கவும்.

நம் பேட்டைக்கே ஒரு நன்றி சொல்ல வேண்டும். 1950-களின் தொடக்கத்தில் படுகோன் குடும்பம் இருந்தது இதே மாட்டுங்காவில். இன்றைய வங்கதேசத்து ஃபரீத்பூரிலிருந்து வந்த கீதாவின் குடும்பம் தாதரில். ரயிலில் அடுத்த ஸ்டேஷன். 1951-ல் 'பாஜி' பாட்டு ரிக்கார்டிங்கில் இருவரும் சந்தித்தபோது கீதாவுக்கு வயது இருபது, ஆனால் நாலைந்து வருடமாக உச்சத்தில் இருந்த பாடகி. 1947-ல் 'தோ பாய்' படத்துக்காகப் பாடியபோது பதினாறு வயதுதான். குரு தத்துக்கோ இயக்குநராக அதுதான் முதல் படம். அதற்கு முன் அல்மோராவில் உதய சங்கரிடம் நடனம் கற்று, கல்கத்தாவில் ஒரு தொழிற்சாலையில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்து, புனாவில் பிரபாத் சினிமா கம்பெனியில் எடுபிடி வேலை வரை பார்த்தவர். அங்கே பழக்கமான தேவ் ஆனந்த், கொடுத்த வாக்கின்படி படம் கொடுத்தார். அந்தக் கதையை எல்லோரும் சொல்கிறார்கள், நான் விட்டுவிடுகிறேன்.

குரு தத்தின் தங்கை, ஓவியர் லலிதா லாஜ்மி, பேட்டிகளில் சொன்ன ஒன்று எனக்குப் பிடித்தது. கீதா பெரிய காரில் மாட்டுங்கா வீட்டுக்கு வந்து இறங்குவார். இறங்கியதும் நேரே சமையலறைக்குப் போய்க் காய் நறுக்குவார். இருவருக்கும் நடுவில் கடிதம் சுமந்தவரும் இந்தத் தங்கைதான். மேடையில் இதைச் சொன்னபோது பின்வரிசையில் ஒரு மாமி, "காய் நறுக்கறவ கையில மைக் எத்தனை நாள் இருக்கும்?" என்றார். காதில் விழாத மாதிரி அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன். மாமி, நன்றாகவே விழுந்தது.

அடுத்த நன்றி எதிர்க் கட்டடத்து பெங்காலி தீதிக்கு. "குரு தத்தின் மனைவி கீதா தத் பற்றி உங்களிடம் பேச வேண்டும்" என்று நான் போய் நின்றபோது முகம் மாறிவிட்டது. உள்ளே போய் ஒரு கேசட்டை எடுத்து வந்து, ஒன்றும் சொல்லாமல் போட்டார். 'ஹாரானோ சுர்', 1957, ஹேமந்தா முகர்ஜி இசையில் 'துமி ஜே அமார்'. பாட்டு முடிந்ததும், "எங்களுக்கு அவள் யாருடைய மனைவியும் இல்லை, இந்தப் பாட்டுப் பாடினவள்" என்றார். என் ஒன்றே கால் பக்கம் செத்தது அன்றைக்குத்தான்.

அதற்கப்புறம்தான் தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். 1953 மே 26, திருமணம். 'ஆர் பார்' 1954, 'மிஸ்டர் அண்ட் மிசஸ் 55' அதற்கு அடுத்த வருடம். இரண்டுக்கும் ஓ.பி. நய்யர் இசை. நய்யரை குரு தத்திடம் அறிமுகப்படுத்தியவரே கீதாதான். கொஞ்ச வருடத்தில் நய்யரின் மெட்டுகள் ஆஷா போன்ஸ்லேயிடம் போய்ச் சேர்ந்தன. மனைவி வெளிப்படங்களுக்குப் பாடுவதை குரு தத் விரும்பவில்லை என்று கூட இருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். 1957-ல் கீதாவையே கதாநாயகியாக வைத்து 'கௌரி' என்ற பெங்காலிப் படத்தைத் தொடங்கினார். சில நாள் படப்பிடிப்போடு அது நின்றுபோனது. கணவருக்கு 'பியாசா' வந்த வருடமும் அதுதான். 2005-ல் டைம் பத்திரிகை தன் நூறு சிறந்த படங்களில் ஒன்றாகச் சேர்த்த படம் அது. ஒரே வருடத்தில் ஒரே வீட்டில் ஒருவருக்கு 'பியாசா', இன்னொருவருக்கு நின்றுபோன படம். யார் தவறு என்று தீர்ப்புச் சொல்ல நான் மேடையேறவில்லை. ஆனால் இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லாமல் இருந்தால் அது கதையே இல்லை என்று தோன்றியது.

அந்தப் பழைய தியேட்டர் ஆபரேட்டர் அண்ணன் இல்லையென்றால் 'காகஸ் கே பூல்' பற்றி நான் பேசியிருக்கவே முடியாது. 1959-ல் வந்த இந்தியாவின் முதல் சினிமாஸ்கோப் படம். படமெடுக்கும்போது லென்ஸ் காட்சியை அகலவாக்கில் பாதியாக நெருக்கிப் பிலிமில் பதியும், திரையிடும்போது இன்னொரு லென்ஸ் அதை விரிக்கும். "விரிக்கிற லென்ஸை மாட்ட மறந்தா கதாநாயகன் ஒட்டடைக்குச்சி மாதிரி தெரிவான், தம்பி" என்று சொல்லி, டார்ச்சையும் கண்ணாடித் தம்ளரையும் வைத்துச் சுவரில் காட்டினார். ஒளிப்பதிவாளர் வி.கே. மூர்த்தி, மைசூர்க்காரர், அந்தப் புகழ்பெற்ற ஒளிக்கற்றையை உண்டாக்கியதையும் அவர்தான் விளக்கினார். ஸ்டுடியோவுக்கு வெளியே ஒரு பெரிய கண்ணாடி, மேலே பரணில் இன்னொன்று. வெயிலைப் பிடித்து உள்ளே திருப்பினார்கள். வெயில் நகர நகர வெளிக்கண்ணாடியையும் திருப்ப வேண்டும்.

அந்த ஒளியில்தான் 'வக்த் நே கியா' பாட்டு வருகிறது. கைஃபி ஆஸ்மி எழுதியது, எஸ்.டி. பர்மன் இசை. உருது மாஸ்டர்ஜி அதற்காக ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையை எனக்குத் தந்தார். "ஹசீன் சிதம்" என்ற இரண்டே சொல்லுக்கு முக்கால் மணி நேரம். சிதம் என்றால் கொடுமை. அதற்கு முன்னால் அழகான என்று ஒரு சொல்லை வைத்தால் கொடுமை குறையாது, புகார் சொல்லும் வழி அடைபடும் என்றார். டீயைத் தவிர எதையும் வாங்கிக்கொள்ள மறுத்துவிட்டார்.

ஆனால் அந்தப் பாட்டில் நான் பார்க்காததைப் பார்த்தது என் மனைவி. கதை, மணவாழ்க்கை முறிந்த ஒரு சினிமா இயக்குநருடையது. அவராக குரு தத் நடிக்கிறார். அவர் கண்டெடுக்கும் நடிகையாக, நம் செங்கல்பட்டில் பிறந்த வஹீதா ரெஹ்மான். குரலோ கீதாவுடையது. லேப்டாப்பில் மூன்றாவது முறையாக நான் ஓட்டியபோது வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள்: "ஏங்க, இந்தப் படத்துல பொண்டாட்டியா வர்றவளுக்கு ஒரு பாட்டுக்கூட இல்லையா?" இல்லை. அவள் கோபக்காரி, அவ்வளவுதான். ஏன் கோபம் என்று படம் கேட்கவே இல்லை. தன் வீட்டுக் கதையின் சாயலில் ஒருவர் படம் எடுக்கிறார், மனைவியின் பாத்திரத்துக்கு வாய் கொடுக்கவில்லை, மனைவியின் குரலை எடுத்து இன்னொரு பாத்திரத்துக்குக் கொடுக்கிறார். படமாக அது எவ்வளவு உயரம் என்பதில் எனக்கு இன்னும் சந்தேகமில்லை. மனைவியின் கேள்விக்கும் என்னிடம் பதிலில்லை. அதற்கு நான் சொல்லும் நன்றி போதாது என்கிறாள். வெங்காயத்தையும் நானே உரிக்க வேண்டுமாம்.

குரு தத், கீதா, வஹீதா என்று மூவர் கதையைப் பரபரப்பாகச் சொல்லவில்லையே என்று இரண்டு பேர் குறைப்பட்டார்கள். வஹீதா ரெஹ்மான் தன் சொந்த வாழ்க்கையைப் பற்றிப் பேச மாட்டேன் என்று பலமுறை தெளிவாகச் சொல்லியிருக்கிறார். அவர் சொல்லாததை நான் மொட்டை மாடியில் சொல்வது சரியில்லை.

சென்னை மைத்துனருக்கு ஒரு சின்ன நன்றி. 'காகஸ் கே பூல்' விழுந்தபின் குரு தத் தன் பெயரில் இன்னொரு படம் இயக்கவேயில்லை. ஆனால் ஸ்டுடியோ ஓட வேண்டும், சம்பளம் கொடுக்க வேண்டும். 'சௌத்வீ கா சாந்த்' பணம் கொடுத்தது. அப்புறம் வெளிப்படங்களில் நடித்தார். 1964-ல் வந்த 'சுஹாகன்' நம் கே.எஸ். கோபாலகிருஷ்ணன் இயக்கியது, அவருடைய 'சாரதா'வின் இந்தி வடிவம் என்று மைத்துனர் சொன்னபோது நம்பாமல் பந்தயம் கட்டினேன். நூறு ரூபாய் அனுப்பியாகிவிட்டது.

'சாஹிப் பீபி ஔர் குலாம்' பகுதியை நான் வாசிக்கவில்லை, என் மகள் வாசித்தாள். 1962. கணவனை வீட்டில் நிறுத்திவைக்கக் குடிக்கத் தொடங்கும் ஒரு மருமகள், அதில் மீனா குமாரி. அவளுக்காகப் பாடுவது கீதா. அந்த வருடம்தான் மூன்றாவது குழந்தை பிறந்தது. பாலி ஹில் பங்களாவில் அவர்களுக்கு நிம்மதி இருந்ததில்லை, கடைசியில் குரு தத் அதை இடிக்கச் சொல்லிவிட்டார். 1964 அக்டோபர் 10 காலை, பெடர் ரோடு வாடகை வீட்டில் இறந்து கிடந்தார். மதுவும் தூக்க மாத்திரையும். வயது 39. அதற்கு முன் இரண்டு முறை உயிரை விட முயன்றிருந்தார். மகள் இந்த இடத்தில் நிறுத்திவிட்டு, "மனச்சோர்வு என்று இன்றைக்கு டாக்டரிடம் போகிற மாதிரி அன்றைக்கு இவர்களால் எளிதாகப் போக முடிந்திருக்காது, இரண்டு பேராலுமே" என்று தானாகச் சேர்த்துச் சொன்னாள். எழுதிக் கொடுத்ததில் அது இல்லை. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

என் பழைய உரை அங்கேயே முடிந்திருந்தது. கீதாவுக்கு அதற்குப் பின் எட்டு வருடம் பாக்கி இருந்தது. நரம்புத் தளர்ச்சி, பணமுடை, மூன்று குழந்தைகள், மேடைக் கச்சேரிகள். 1971-ல் 'அனுபவ்' படத்துக்கு, கனு ராய் இசையில், பெரிய வாத்தியக் கூட்டமில்லாமல் பாடினார். அந்தக் குரலில் தளர்வு இருக்கிறது, ஆனால் இரக்கம் கேட்கிற தொனி துளியும் இல்லை. 1972 ஜூலை 20 அன்று கல்லீரல் கெட்டுப் போய் இறந்தார், 41 வயது. அன்று மாலை கடைசியாக ஒலித்தது 'அனுபவ்' பாட்டுத்தான். அதைத் தேர்ந்தெடுத்தது தீதி.

மற்றபடி: இரண்டு நாள் இருக்கும்போது ஒரு மண்டபம் முன்பதிவை ரத்து செய்து நம்மைத் தெருவில் விட்டது. அந்த ராத்திரியே மொட்டை மாடிச் சாவியைக் கொடுத்த சொசைட்டி செக்ரெட்டரிக்கு நன்றி. தண்ணீர்த் தொட்டி ஓரம் யாரும் உட்காராமல் பார்த்துக்கொண்ட வாட்ச்மேனுக்கும், அறுபது பேருக்கு ஃபில்டர் காபி போட்டுக் காசு வாங்காத முக்குக் கடைக்காரருக்கும், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இரவல் தந்த இரண்டாம் மாடி குஜராத்திக் குடும்பத்துக்கும் நன்றி. பாக்ஸ் என் வீட்டு வாசலில் இருக்கிறது. மடக்கு நாற்காலி ஒன்று குறைகிறது, பெயின்ட் உதிர்ந்த நீல நிறம், யாராவது வீட்டில் பார்த்தால் சொல்லுங்கள். கறுப்புக் குடை ஒன்று கூடுதலாக இருக்கிறது.

தீதி, உங்கள் கேசட் இன்னும் என்னிடம்தான். ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து கொடுக்கிறேன். இரண்டாம் பக்கம் இன்னும் கேட்டு முடியவில்லை.

அன்புடன்,
நான்காம் மாடி, இடது பக்க வீடு