காபரேற்றர் கிட்டில் உள்ள குறைபாடு தொடர்பான புகார்

முகத்துவாரம்,
கொழும்பு 15.

முகாமையாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

ஐயா / அம்மையீர்,

விடயம்: பழைய 2 ஸ்ட்ரோக் 25 குதிரைவலு வெளியிணைப்பு (படகின் பின்னே பூட்டும்) இஞ்சினுக்கான காபரேற்றர் கிட்

இஞ்சினுக்குப் பெற்றோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் காபரேற்றரைத் திருத்த உங்கள் காட்சியறையில் வாங்கிய மேற்படி உதிரிப்பாகக் கிட்டைப் பூட்டிய பின்னும் காபரேற்றரில் பெற்றோல் கசிகிறது. தொலைபேசியில் முறையிட்டபோது, பூட்டியவரின் பிழை என்றும், கைப்பம்பை (பெற்றோல் குழாயிலுள்ள ரப்பர்க் குமிழை) அளவுக்கு மீறி அமுக்கியிருப்பார்கள் என்றும் உங்கள் ஊழியர் பதில் சொன்னார். இந்தப் பதிலை எங்களால் ஏற்க முடியாது. பிழை கிட்டிலேயே இருக்கிறது.

இஞ்சினைச் சாய்க்காமல் நேராக நிறுத்தி, கைப்பம்பு கட்டியாகும் மட்டும் அமுக்கிப் பார்த்தோம். காபரேற்றர்க் கிண்ணத்துக்குள் பெற்றோல் வரும் வழியை மூடும் நீடில் வால்வ் நல்லதென்றால் அந்த அமுக்கத்தைத் தாங்க வேண்டும். வெயிலில் தாங்கி சூடேறினாலும் பெற்றோல் நீடிலைத் தள்ளிக்கொண்டு வரும் என்பதால், தாங்கி மூடியின் காற்றுத் திருகைத் திறந்தே வைத்திருந்தோம். குழாய்ப் பொருத்து, பெற்றோல் பம்பின் டயபிராம் மூடி, கிண்ணத்தின் கஸ்கெட் வரி, அடித் திருகு எல்லாம் காய்ந்திருந்தன. பெற்றோல் வடிந்தது காபரேற்றரின் வாய்வழியாக. அப்படியானால் கிண்ணத்தில் மட்டம் கூடுகிறது, நீடில் மூடவில்லை என்பதுதான் அர்த்தம். பெற்றோலில் மிதந்து உயர்ந்து நீடிலை மூடவைக்கும் புளோட்டை வெந்நீரில் அமிழ்த்தினோம்; குமிழி வரவில்லை, ஆகவே அதில் ஓட்டை இல்லை. புளோட்டைத் தாங்கும் அச்சான புளோட் பின்னும் தேயவில்லை. வடிகட்டி புதியது, கிண்ணத்தில் தூசும் இல்லை.

எஞ்சியது உங்கள் கிட்டில் வந்த பாகங்கள்தான்.

முதலாவது, நீடிலின் நீளம். வேர்னியரில் அளந்தால் அசல் நீடிலைவிட 0.6 மி.மீ. குட்டை. இது அற்ப வித்தியாசம் அல்ல. இந்தக் காபரேற்றரில் புளோட் பின்னிலிருந்து நீடில் 8 மி.மீ. தூரத்திலும் புளோட்டின் நடு 24 மி.மீ. தூரத்திலும் உள்ளன. ஆகவே நீடிலில் குறையும் 0.6 மி.மீ.க்குப் புளோட் 1.8 மி.மீ. கூடுதலாக உயர்ந்த பிறகே வால்வ் மூடும். பெற்றோல் மட்டமும் அந்தளவுக்கு ஏறும்.

இரண்டாவது, நீடில் அமர்ந்து மூடும் சீற்றின் அடியில் போடும் செப்பு வாஷர். உங்கள் துண்டுப்பிரசுரத்தின் படத்தில் அது இருக்கிறது, பொதிக்குள் இல்லை. அது இல்லாமல் சீற்றை இறுக்கினால் பெற்றோல் புரியிடுக்கு வழியாகவே கிண்ணத்துக்குள் இறங்கும். எவ்வளவு நல்ல நீடில் போட்டாலும் நிற்காது. போதாததற்கு, சீற் இன்னும் உள்ளே போவதால் மட்டமும் மேலும் கூடும். பழைய வாஷரைப் போட்டுப் பூட்டலாமே என்று சொல்ல வேண்டாம். ஒரு தடவை நசுங்கிய செம்பு மறுபடி அடைத்துக்கொள்ளும் என்று நம்ப முடியாது.

மூன்றாவதுதான் எங்களுக்கு அதிகம் கவலை தருவது. உங்கள் நீடிலையும் அசல் நீடிலையும் ஒரு கண்ணாடிப் போத்தலில் பெற்றோல் ஊற்றி இரவு முழுக்க ஊறவைத்தோம். காலையில் அசல் நீடிலின் கறுப்பு நுனி கூம்பு மாறாமல் இருந்தது. உங்களுடையது பொங்கி, விளிம்பு உருண்டு, நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுந்தது. பெற்றோல் தாங்காத ரப்பர் அது. பிறகு காபரேற்றரைத் தலைகீழாகப் பிடித்து, சீற்றுக்குப் புதிய வாஷர் போட்டு, அமுக்கமானி பூட்டிய காற்றுப்பம்பால் 5 பி.எஸ்.ஐ. அமுக்கத்தில் காற்று கொடுத்தோம். அசல் நீடிலில் அமுக்கமானியின் முள் அசையவில்லை. உங்கள் நீடிலில் உடனே இறங்கிவிட்டது. அதே சீற், அதே புளோட். மாறியது நீடில் மட்டுமே.

புளோட்டின் நாக்கை (நீடிலைத் தள்ளும் தகட்டை) வளைத்துச் சரிசெய்யுமாறும் உங்கள் ஊழியர் சொன்னார். இன்று வளைத்து மட்டத்தைச் சரியாக்கினாலும், நாளை நுனி பொங்கினால் அளவு மறுபடி மாறும். அது திருத்தமே அல்ல.

வடியும் பெற்றோல் பிளக்கை நனைத்து இஞ்சினை ஸ்டார்ட் ஆகாமல் செய்வதோடு நிற்பதில்லை. பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரமானது. இஞ்சின் மூடிக்குள்ளும் படகின் அடியிலும் தேங்கி நிற்கும். பற்றரி வயரில் ஒரு பொறி பறந்தால் படகே எரியும். கரையிலிருந்து தூரத்தில் அது நடந்தால் படகில் இருப்பவர்கள் எங்கே போவார்கள்?

ஆகவே கிட்டின் முழுப் பணத்தையும் திருப்பித் தாருங்கள். அதே பொதி இலக்கமுள்ள கிட்டுகளை விற்பனையிலிருந்து எடுத்து, ஏற்கெனவே வாங்கியவர்களுக்கும் அறிவியுங்கள். இனி விற்கும் கிட்டில் சரியான நீளமுள்ள, விட்டன் (பெற்றோல் தாங்கும் ரப்பர்) நுனி கொண்ட நீடிலும் சீற் வாஷரும் இருக்க வேண்டும். அந்த மொடலுக்குரிய புளோட் உயரத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் அச்சிட்டுப் போடுங்கள். இப்போதைய பிரசுரத்தில் அந்த அளவே இல்லை.

பற்றுச்சீட்டின் பிரதி, இரு நீடில்களின் படங்கள், பொதியின் உறை ஆகியவற்றை இணைத்துள்ளோம். நீடில்களை நேரில் பரிசோதிக்க உங்கள் தொழில்நுட்பவியலாளர் வந்தால் அவர் முன்னிலையிலேயே அமுக்கச் சோதனையைச் செய்து காட்டத் தயார். 14 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையிடம் இதே ஆவணங்களுடன் முறையிடுவோம்.

இப்படிக்கு,
வெளியிணைப்பு இஞ்சின் திருத்துநர்கள்,
முகத்துவாரம்.