எங்கள் கூலியில் பிடித்த பி.எஃப். பணத்தை வசூலித்துக் கொடுங்கள்

வருங்கால வைப்பு நிதி ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். திண்டுக்கல் மாவட்டத்தில் உள்ள ஒரு நூற்பாலையின் தொழிலாளர்கள் சார்பில் இதை எழுதுகிறேன். எங்கள் சம்பளச் சீட்டில் பி.எஃப். பிடித்தம் மாதம் தவறாமல் இருக்கிறது. பி.எஃப். பாஸ்புக்கில்தான் பணம் இல்லை.

நூலைக் கூம்புகளில் சுற்றும் கோன் வைண்டிங் பிரிவில் வேலை பார்க்கும் ஓர் அக்காவின் சீட்டைப் பாருங்கள். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 14,000 ரூபாய், அதில் 12 சதவீதமாகப் பி.எஃப். 1,680. நிர்வாகம் தன் பங்காக இன்னொரு 1,680 சேர்த்து, அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டியிருக்க வேண்டும். அவருடைய மகன் கைப்பேசியில் பாஸ்புக்கைத் திறந்து காட்டினான். தீபாவளிக்குப் பிறகு ஒரு வரிகூட ஏறவில்லை.

கேட்டால், நூல் விற்கவில்லை, வங்கி நெருக்குகிறது என்கிறார்கள். பஞ்சு விலையும் மின்கட்டணமும் ஆலைகளைப் படுத்தும் பாடு எங்களுக்கும் தெரியும். அதற்காக எங்கள் கூலியில் பிடித்ததை எடுத்துப் பஞ்சு வாங்க யார் அனுமதி தந்தது? தொழிலாளியின் பங்கைப் பிடித்துவிட்டுக் கட்டாமலிருப்பது நம்பிக்கை மோசடி என்று பழைய தண்டனைச் சட்டத்தின் 405ஆம் பிரிவு சொன்னது. அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 316ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. வைப்பு நிதிச் சட்டமும் இதற்கு ஓராண்டுக்குக் குறையாத சிறைத் தண்டனை விதிக்கிறது. இதை வெறும் பாக்கி என்று எழுதி வைத்துவிடாதீர்கள்.

எங்களை அதிகம் வாட்டுவது ஓய்வூதியம். நிர்வாகம் கட்டும் 12 சதவீதப் பங்கில், சம்பளத்தின் 8.33 சதவீதம் ஓய்வூதியத்துக்குப் போக வேண்டிய பணம். அந்த அக்காவுக்கு 58 வயது நெருங்குகிறது. மாத ஓய்வூதியத்துக்குப் பத்தாண்டு பணி வேண்டும். ஒன்பதரை ஆண்டு இருந்தாலும் பத்தாகக் கணக்கிடுவார்கள். கட்டாத மாதங்களைக் கழித்தால் அவருக்கு அதுவும் தேறாது. குறைந்தபட்ச ஓய்வூதியமான 1,000 ரூபாய் யாருக்கும் போதாதுதான். ஆனால் சாகும்வரை மாதாமாதம் வரும் அந்தப் பணம் யாரிடமும் கை நீட்டாமல் மருந்து வாங்க உதவும். 1995ஆம் ஆண்டு ஓய்வூதியத் திட்டம், சந்தா வந்த காலத்தோடு வரவேண்டிய காலத்தையும் பணிக்காலமாகவே கொள்கிறது. அந்த விதியை எங்களுக்கு அப்படியே பொருத்துங்கள். முதலாளி கட்டாததற்கு அந்த அக்கா ஓய்வூதியத்தை இழக்கக் கூடாது.

ஆலையின் சம்பளப் பதிவேட்டை வரவழைத்துச் சீட்டுகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நிர்வாகம் தவணை கேட்டு வந்தால், எங்களிடம் பிடித்த பங்கை முதலில் முழுமையாக வாங்குங்கள். காவல்துறையில் புகார் கொடுங்கள். நிலுவையைக் கணக்கிடும் விசாரணைக்கு எங்களையும் அழையுங்கள்.

சீட்டுகளின் நகல்களைத் தனியே அனுப்பியிருக்கிறோம். கொடுத்தவர்களில் பலர் இன்னும் அதே ஆலையில் ஷிப்டுக்குப் போகிறவர்கள். அவர்களின் பெயர்கள் நிர்வாகத்தின் காதுக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஆலைத் தொழிலாளர்கள் சார்பில் ஒருவர்