கண் மஞ்சளாகும் முன்பே

அன்பு மகளே,

உன்னோடு தங்கியிருக்கும் பெண்ணுக்கு மஞ்சள் காமாலை, ரத்தப் பரிசோதனையில் ஹெபடைடிஸ் ஏ என்று எழுதியிருந்தாய். அவளைத் தனி அறைக்கு மாற்றிவிட்டோம், இனிப் பயமில்லை என்கிறாய். அங்கேதான் எனக்கு மனசு ஆறவில்லை. கண் மஞ்சளாவதற்கு ஒன்றிரண்டு வாரம் முன்பிருந்தே அவள் மலத்தில் கிருமி வெளியேறிக்கொண்டு இருந்திருக்கும். நீங்கள் ஒரே கழிப்பறை, ஒரே அடுப்படி. கிருமி உனக்குள் போயிருந்தாலும் வெளியே தெரிய 15 முதல் 50 நாள் ஆகலாம்.

சின்ன வயசில் உனக்கு ஹெபடைடிஸ் ஏ தடுப்பூசி போடவில்லை. இன்றைக்கே டாக்டரைப் பார். தொற்று பட்ட 14 நாளுக்குள் போட்டால் நோயைத் தடுக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஆறு மாதம் கழித்து இரண்டாவது ஊசி.

ஊசி போட்டாயிற்று என்று தண்ணீரில் அசட்டையாக இருந்துவிடாதே. இதேபோல் மலம் கலந்த தண்ணீர் வழியே வரும் ஹெபடைடிஸ் ஈ-யை அந்த ஊசி தடுக்காது. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில் ஹெபடைடிஸ் ஈ வந்தால் 100 பேரில் 20, 25 பேர் வரை இறக்கக்கூடும்.

வடிகட்டியை நம்பாதே. அதன் துளை 200 நானோமீட்டர் என்றால் கிருமி 30 நானோமீட்டர்தான், தண்ணீரோடு இறங்கிவிடும். காய்ச்சத்தான் வேண்டும். பாத்திர ஓரத்தில் முத்து முத்தாகக் குமிழி வந்ததும் அடுப்பை அணைக்கிறார்களே, அது கொதி இல்லை. நடுவிலிருந்து தளதளவென்று புரள வேண்டும், அதன்பிறகு ஒரு முழு நிமிடம். 2000 மீட்டருக்கு மேலுள்ள ஊரானால் மூன்று நிமிடம். காய்ச்சிய பாத்திரத்திலேயே மூடி ஆறவிடு. டம்ளரை உள்ளே விட்டு மொள்ளாமல் சாய்த்து ஊற்று. விரல் பட்டால் காய்ச்சியதெல்லாம் வீண். ஐஸும் போடாதே, உறைந்தாலும் இந்தக் கிருமி சாகாது.

சானிடைசரை மட்டும் நம்பாமல் சோப்புப் போட்டு, நக இடுக்கு வரை 20 விநாடி தேய்த்து, ஓடும் தண்ணீரில் கழுவு. கழிப்பறைக் குழாய்க்கும் கதவுப் பிடிக்கும் 5 சதவீத பிளீச் 20 மில்லியை ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து துடை. ஆசிட் எதையும் அதோடு சேர்த்துவிடாதே, விஷவாயு வரும்.

அவள் கண் மஞ்சளாகி ஒரு வாரமாவது சமையல் பக்கம் வர வேண்டாம். டாக்டரைக் கேட்காமல் பாராசிட்டமாலோ, பேர் தெரியாத பொடியோ கொடுக்காதீர்கள், நொந்துபோன ஈரல் தாங்காது. பேச்சு குழறினால், பகலெல்லாம் தூங்கி வழிந்தால், ஈறில் ரத்தம் கசிந்தால் அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ.

ஊசி போட்ட தேதியை எழுதி அனுப்பு.

அன்புடன்,
அப்பா