டிரெய்லர் பேட்டரிக்கு ஒயர் இழுக்கும் முன்

ஜெலுத்தோங், பினாங்கு

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். டிரெய்லரில் போட்ட கடை அழகாக வந்திருக்கிறது. தோசைக்கல்லை ஜன்னலை ஒட்டி வைத்தது நல்ல யோசனை, புகை உள்ளே தங்காது. கடைசிப் படத்தில்தான் என் கண் நின்றுவிட்டது. பிக்கப்பின் பின்விளக்குப் பிளக்கிலிருந்து ஓர் ஒயரைப் பிரித்து டிரெய்லர் பேட்டரிக்குக் கொடுத்தால் போதும், வண்டி ஓட ஓடச் சார்ஜ் ஏறிவிடும் என்று ஒர்க்ஷாப் ஃபோர்மன் சொன்னதாக எழுதியிருக்கிறாய். அதை மட்டும் செய்யாதே, அய்யா. காரணத்தைப் போனில் சொன்னால் கடைச் சத்தத்தில் பாதி உன் காதில் விழாது. அதனால்தான் எழுதுகிறேன்.

அம்மாவுக்கு இதெல்லாம் என்ன தெரியும் என்று நீ நினைக்க மாட்டாய். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஒயர் கட்டும் லைனில்தான் என் இளமை முழுவதும் போனது. லக் (ஒயர் முனையில் மாட்டும் உலோக வளையம்) அடிப்பது, இழுத்துச் சோதிப்பது, ஒயரின் கனத்தைப் பார்த்தே சொல்வது எல்லாம் என் கையில் ஊறிய வேலை. பேட்டரி விஷயத்தில் சந்தேகம் வந்த இடங்களில் மாமாவைக் கேட்டுக்கொண்டேன். கார் எலக்ட்ரிக் வேலையில் இந்தத் தீவில் அவரைப் போல நிதானமாகச் செய்கிறவர்கள் குறைவு.

முதலில் கணக்கைப் பார். ஈயப் பேட்டரி முழுச் சார்ஜில் சும்மா இருக்கும்போது 12.7 வோல்ட் காட்டும். அதற்குள் மின்சாரம் நிறைய ஏற வேண்டுமானால் பேட்டரியின் வாயில் 14.4 வோல்ட் போல வந்து சேர வேண்டும். பிக்கப்பின் முன்பக்கத்திலிருந்து டிரெய்லர் பேட்டரி வரை 7 மீட்டர் என்று வை. போய்த் திரும்பினால் 14 மீட்டர். விளக்குப் பிளக்கில் இருக்கும் ஒயர் பெரும்பாலும் 1.5 எம்எம், அதாவது செம்பின் வெட்டுப்பரப்பு 1.5 சதுர மில்லிமீட்டர். அதில் 10 ஆம்பியர் ஓடினால் 1.6 வோல்ட் வழியிலேயே தொலைந்துவிடும். இஞ்சின் சுற்றும்போது மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்நேட்டர் 14.2 கொடுத்தாலும் பேட்டரிக்குக் கிடைப்பது 12.6தான். காலியாக இருக்கும்போது கொஞ்சம் ஏறும், பிறகு பேட்டரி நிறைய நிறைய வரத்துக் குறைந்துகொண்டே போகும். ஈயப் பேட்டரி நாள்கணக்கில் அரைகுறைச் சார்ஜில் கிடந்தால் தகட்டில் சல்பேட் படிந்து கெட்டியாகி, ஒரு வருடத்துக்குள் செத்துவிடும்.

இன்னொன்று, விளக்குச் சுவிட்ச் போட்டால்தான் அந்த ஒயரில் மின்சாரமே வரும். அதற்கான ஃபியூஸும் விளக்குக்கென்று வைத்த சின்ன ஃபியூஸ். பேட்டரி இழுக்கிற இழுப்பில் அது போகும், நடுரோட்டில் பின்விளக்கும் சேர்ந்து அணையும். உடனே யாராவது பெரிய ஃபியூஸ் போட்டுக் கொடுப்பார்கள். அதற்குப் பிறகு சூடாவது ஒயர். அந்த ஒயர் எங்கே ஓடுகிறது என்று யாரும் பார்ப்பதில்லை.

எனவே தனி ஒயர் இழு. 16 சதுர எம்எம், மெல்லிய இழைகள் நிறைந்த செம்பு ஒயர், முடிந்தால் ஈயம் பூசியது. அதில் 20 ஆம்பியர் போனாலும் இழப்பு 0.3 வோல்ட்தான். வீட்டுச் சுவருக்குள் போடும் ஒயரை மலிவு என்று வாங்கிவிடாதே. அதன் தடித்த இழைகள் வண்டி அதிர அதிர ஒவ்வொன்றாக முறியும். பாசிட்டிவுக்கு ஒன்று, நெகட்டிவுக்கு ஒன்று என்று இரண்டு ஒயர்கள் முழு நீளத்துக்கும் போகட்டும். இழுவைக் கொக்கியின் இரும்பு வழியாக நெகட்டிவ் திரும்பிக்கொள்ளும் என்று விட்டுவிடாதே. அங்கே கிரீஸும் துருவும்தான் இருக்கும். உன் பிக்கப்பில் பேட்டரியின் நெகட்டிவ் முனை மேல் சின்னக் கறுப்புச் சென்சார் இருந்தால், நெகட்டிவ் ஒயரை அந்த முனையில் கட்டாமல் பாடியில் எர்த் போல்ட் இருக்கும் இடத்தில் கட்டு. இல்லாவிட்டால் டிரெய்லருக்குப் போகிற மின்சாரம் வண்டியின் கணினிக்குத் தெரியாமல் போய்விடும்.

அடுத்தது டிசி-டிசி சார்ஜர், வண்டியிலிருந்து வரும் வோல்ட்டை டிரெய்லர் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் பெட்டி. முன்பெல்லாம் ஒரு ரிலே, அதாவது தானாகச் சேர்ந்து பிரியும் சுவிட்ச், போதும். வோல்ட் 13.3 போல உயர்ந்தால் இரண்டு பேட்டரியையும் சேர்க்கும், இறங்கினால் பிரித்துவிடும். இப்போது வருகிற பல வண்டிகளில் பெட்ரோல், டீசல் மிச்சப்படுத்துவதற்காக ஆல்டர்நேட்டரின் வோல்ட்டைக் கணினி இறக்கிவிடுகிறது. அப்போது அந்த ரிலே சேராது. உன் வண்டி எப்படி என்று ஊகிக்க வேண்டாம். அரை மணி நேரம் ஓட்டிவிட்டு, இஞ்சின் ஓடும்போதே மீட்டரை பிக்கப்பின் முன்பேட்டரியில் வை. 13.8-க்கு மேலேயே நிற்கிறதா, 12.6 பக்கம் இறங்கி இறங்கி வருகிறதா என்று பார்த்து எனக்கு எழுது. இறங்கினால் வேறு வழியே இல்லை, டிசி-டிசிதான். இறங்காவிட்டாலும் நான் அதைத்தான் சொல்வேன், ஏனென்றால் நீ லித்தியம் வாங்கப் போவதாகச் சொன்னாய். லித்தியம் பேட்டரியை ஆல்டர்நேட்டரில் நேராகக் கோத்தால் அது இழுக்க முடிந்த மட்டும் இழுக்கும். நெரிசலில் வண்டி நின்று உறுமிக்கொண்டிருக்கும்போது ஆல்டர்நேட்டர் சூடேறிக் கருகும். டிசி-டிசி சார்ஜர் அந்த இழுப்புக்கு ஓர் அளவு வைக்கும்.

20 ஆம்பியர் சார்ஜர் உனக்குப் போதும். அது 20 கொடுப்பதற்கு வண்டியிலிருந்து 25-க்கு மேல் இழுக்கும், அதனால் 40 ஆம்பியர் ஃபியூஸ் போடு. சார்ஜரை டிரெய்லர் பேட்டரியின் பக்கத்தில் வை. அதைச் சுற்றிக் காற்றுப் போக வேண்டும். வெயிலில் பூட்டிக் கிடந்த டிரெய்லருக்குள் என்ன சூடு இருக்கும் என்று உனக்கே தெரியும், சூடானால் சார்ஜர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இஞ்சின் ஓடும்போது மட்டும் விழித்துக்கொள்ள அதற்கு ஒரு சின்ன சிக்னல் ஒயர் கேட்கும், சாவி போட்டால் மின்சாரம் வரும் இடத்திலிருந்து அதைக் கொடு.

ஃபியூஸ் இரண்டு வேண்டும். இதைத்தான் எல்லோரும் விடுகிறார்கள். முன்பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஒன்று, டிரெய்லர் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஒன்று. அந்த நீள ஒயரின் இரண்டு முனையிலும் பேட்டரி இருக்கிறது. நடுவில் எங்காவது ஒயர் நசுங்கித் தகட்டைத் தொட்டால் இரண்டு பக்கமிருந்தும் மின்சாரம் பாயும். ஒரு பக்கம் மட்டும் ஃபியூஸ் இருந்தால் மறுபக்கம் எரிந்துகொண்டே இருக்கும்.

இப்போது என்னை உறங்கவிடாத விஷயத்துக்கு வருகிறேன். படத்தில் கேஸ் தோங் (சிலிண்டர்) நிற்கும் அலமாரிக்குள்ளேயே கீழ்த்தட்டில் பேட்டரி இருக்கிறது. அதை நாளைக்கே பிரித்து வை, தம்பி. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. குழாயில் சின்னக் கசிவு இருந்தாலும் அது கீழே இறங்கித் தரையில் தேங்கி நிற்கும். ரிலே ஒவ்வொரு முறை சேரும்போதும் உள்ளே ஒரு சின்னப் பொறி வரும். லக் தளர்ந்தாலும் பொறிதான். ஈயப் பேட்டரியாக இருந்தால் சார்ஜ் ஏறும்போது அதிலிருந்து ஹைட்ரஜன் வேறு வெளிவரும். அது இலேசானது, மேலே போய்த் தங்கும், காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே பற்றிக்கொள்ளும். தோங்குக்குத் தனிப் பெட்டி, அதன் அடியில் வெளியே திறக்கும் துளை. பேட்டரிக்கு வேறு பெட்டி, டிரெய்லரின் மறுகோடியில், மேல்பக்கம் துளையோடு. இடம் போதவில்லை என்றால் குளிர்பானப் பெட்டியை எடுத்துவிடு. அதன் வருமானம் எனக்கு வேண்டாம்.

வண்டிக்கும் டிரெய்லருக்கும் நடுவே 50 ஆம்பியர் ஆண்டர்சன் பிளக் போடு, அது கனத்த மின்சாரம் தாங்கும், கழற்றி மாட்டும் பிளக். பின்னின் வாய் 16 எம்எம் ஒயருக்குப் பொருந்துகிறதா என்று பார்த்து வாங்கு. ஒயர் இழைகளில் நான்கைந்தை வெட்டிவிட்டு உள்ளே திணிக்கிறவர்கள் உண்டு, அதற்கு இடம் கொடுக்காதே. பிளக்குக்கு மூடி வேண்டும், மழைத் தண்ணீர் போகக்கூடாது. வளைவில் இழுபடாத அளவுக்கு ஒயர் தொங்கட்டும், ரோட்டில் உரசும் அளவுக்கு வேண்டாம். தகட்டைத் துளைத்துப் போகும் ஒவ்வோர் இடத்திலும் ரப்பர் வளையம் போடு. புகைக்குழாய்ப் பக்கம் கொண்டுபோகவே கூடாது.

லக்கை ஈயம் வைத்து ஒட்டாமல் அழுத்தி அடிக்க வேண்டும். ஒட்டினால் ஈயம் இழைகளுக்குள் ஏறி ஒயரை விறைப்பாக்கும், அந்த விறைப்பு முடியும் இடத்தில்தான் அதிர்வில் முறியும். ஆறு பக்கம் அழுத்தும் கிரிம்ப் டூல் மாமாவிடம் இருக்கிறது. அடித்த பிறகு லக்கை வைஸில் பிடித்து, முழுப் பலத்தோடு ஒயரை இழுத்துப் பார். அசைந்தால் வெட்டியெறிந்துவிட்டு மறுபடி அடி. பிறகு பசை உள்ள சுருங்கு குழாய் போட்டுச் சூடு காட்டு. கறுப்பு டேப் நம் ஊர் வெயிலில் இளகி நழுவிவிடும்.

இவ்வளவும் செய்தாலும் வண்டி ஓட்டத்தை மட்டும் நம்பாதே. ஃப்ரீஸர், விளக்கு, காற்றாடி, பம்ப் எல்லாம் சேர்த்துச் சராசரி 100 வாட் என்று வை. பசார் மாலாம் இரவுச் சந்தையில் 6 மணி நேரம் நின்றால் 600 வாட் மணி, அதாவது 12 வோல்ட்டில் 50 ஆம்பியர் மணி. கோலாலம்பூர் செந்தூலிலிருந்து நெரிசலில் போக ஒரு மணி, வர ஒரு மணி என்றாலும் 20-உம் 20-உம் சேர்த்து 40தான் திரும்பும். அந்த நேரத்திலும் ஃப்ரீஸர் தின்றுகொண்டே வரும். தினமும் இப்படி விழும் குறை, வாரக் கடைசியில் கூட்டம் நிற்கும்போது விளக்கை அணைத்துவிடும். வீட்டுக்கு வந்ததும் 230 வோல்ட் சார்ஜரில் சொருகிவிட்டுத் தூங்கு. இங்கே பினாங்குக்கு ஓட்டி வரும் நாளில் மட்டும் அது தேவைப்படாது, அந்த 350 கிலோமீட்டரில் பேட்டரி நன்றாகவே நிறையும். தைப்பூசத்துக்குப் பத்து மலையில் வண்டியை நகர்த்தாமல் நிற்கப் போகிறாய் என்றால் இரண்டாவது பேட்டரியோ ஜெனரேட்டரோ வேண்டும். அதைப் பிறகு பேசுவோம்.

வேலை தொடங்கும் முன் கையிலிருக்கும் காப்பைக் கழற்றி வை, கழுத்துச் சங்கிலியையும். பாசிட்டிவுக்கும் பாடிக்கும் நடுவே காப்பு பட்டால் நொடியில் பழுக்கும், கையிலிருந்து கழற்றக்கூட நேரம் கிடைக்காது. நெகட்டிவை முதலில் கழற்று, கடைசியில் மாட்டு. ஃபியூஸ் இரண்டையும் எல்லா வேலையும் முடிந்த பிறகே சொருகு.

கிரிம்ப் டூலையும் ஒரு டஜன் லக்கையும் சனிக்கிழமை பட்டர்வொர்த்தில் எக்ஸ்பிரஸ் பஸ்ஸில் கொடுத்து அனுப்புகிறேன், பஸ் நம்பரை வாட்ஸ்அப்பில் போடுகிறேன். முன்பேட்டரியில் மீட்டர் காட்டும் எண்ணை அதற்கு முன்னே அனுப்பு. மாமா அதைப் பார்த்துத்தான் எந்தச் சார்ஜர் வாங்குவது என்று சொல்வார். தோங்கை மாற்றி வைத்த படம் மட்டும் நாளைக்கே வேண்டும்.

அன்புடன்,
அம்மா