ஒப்புதல் வாங்கியாயிற்று, உள்ளே என்ன வருகிறது?

ஆசிரியருக்கு வணக்கம்.

மொபைல் ஆப்பில் நாம் எதைத் தொடுகிறோம், எதைக் கூடையில் போட்டுவிட்டு வாங்காமல் போகிறோம் என்று பதிவாகும் டேட்டாவோடுதான் என் வேலை. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்ததிலிருந்து நம் டேட்டாவை எடுக்க நிறுவனங்கள் நம்மிடம் வாங்க வேண்டிய ஒப்புதலைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். சரி, பேச வேண்டியதுதான். ஆனால் அதே சட்டத்தின் 6-ஆவது பிரிவில் ஒரு உதாரணம் இருக்கிறது: டாக்டரிடம் ஆலோசனை கேட்கும் ஆப் ஒன்று போனில் உள்ள தொடர்பு எண்களையும் கேட்டு, நாம் சம்மதித்தே விட்டாலும், சிகிச்சைக்கு அது தேவையில்லை என்பதால் அந்தச் சம்மதம் செல்லாது. இதை நிறுவனங்கள் எப்படிக் கடைப்பிடிக்கும், என்ன வருகிறது என்று அவர்களுக்கே தெரியாதபோது?

நான் முன்பு இருந்த இடத்தில் நடந்தது இது. ஆண்ட்ராய்டு ஆப் விலையை 499 என்று எண்ணாக அனுப்பும், ஐபோன் ஆப் 'ரூ.499' என்று எழுத்தாக அனுப்பும், கூட்டினால் கணக்கு உதைக்கும். அதையாவது சரி செய்துவிடலாம். சோதனைக்காக ஒருவர் சேர்த்த போன் நம்பர் ஃபீல்டை, அதாவது அந்த விவரத்துக்கான கட்டத்தை, எடுக்க மறந்துபோய், வாடிக்கையாளர்களின் நம்பர் மாதக்கணக்கில் வந்து குவிந்துகொண்டே இருந்தது, யாரும் கவனிக்கவில்லை.

ஒவ்வொரு இவென்ட்டுக்கும் (ஆப்பில் நாம் செய்யும் ஒவ்வொன்றுக்கும் வந்து சேரும் பதிவுக்கு இந்தப் பெயர்) ஒரு ஸ்கீமா எழுதி, அதாவது என்னென்ன ஃபீல்டு, எண்ணா எழுத்தா, எது கட்டாயம் என்று முதலிலேயே தீர்மானித்து, டேட்டா நுழையும் இடத்திலேயே சரிபார்த்திருந்தால் இரண்டுமே அன்றைக்கே பிடிபட்டிருக்கும். இப்படி எழுதப் பரவலாகப் பயன்படும் 'ஜேசன் ஸ்கீமா' என்ற முறையில் ஒரு சிக்கல் உண்டு: நாம் குறிப்பிடாத ஃபீல்டு வந்தால் அது தடுக்காது, உள்ளே விட்டுவிடும். 'அடிஷனல் பிராபர்ட்டீஸ்' (கூடுதல் ஃபீல்டுகள்) என்பதை 'ஃபால்ஸ்' (கூடாது) என்று நாமே எழுதினால்தான் தடுக்கும். அந்த ஒரு வரியை எழுதாமல் விட்ட ஸ்கீமாக்களை நான் நிறையவே பார்த்திருக்கிறேன்.

அப்புறம், இந்தச் சரிபார்ப்பில் தேறாத இவென்ட்டுகளைப் பிறகு ஆராயலாம் என்று தனியாக ஒரு இடத்தில் அப்படியே சேமித்துவைப்பார்கள். வரக்கூடாத போன் நம்பர் இப்போது அங்கே இருக்கும்! அந்த இடத்தை யார் யார் திறக்கலாம், எத்தனை நாளில் அழிக்க வேண்டும் என்பதையும் ஸ்கீமா எழுதும் அன்றே முடிவு செய்யுங்கள் என்று ஆப் நடத்துகிறவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு டேட்டா இன்ஜினியர், சென்னை