ஆன்லைன் கவுன்சிலிங்குக்கு ஒரு அறை வேண்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

புருஷன் பெண்டாட்டி தகராறுக்கு ஆன்லைனில் கவுன்சிலிங் எடுப்பதெல்லாம் சென்னை, பெங்களூர்க்காரர்களுக்கு உள்ளது என்று நம்ம பக்கம் பலர் நினைக்கிறார்கள். கன்னியாகுமரி மாவட்டத்துக்குத்தான் அது அதிகம் தேவை என்பது என் எண்ணம். கருங்கல், மார்த்தாண்டம், குளச்சல் பக்கம் எந்தத் தெருவில் கேட்டாலும் நாலு வீட்டு ஆம்பளைகள் துபாயிலோ சவுதியிலோ இருப்பார்கள். சண்டை நடப்பதே போனில்தான், பிறகு சமாதானம் மட்டும் நேரில்தான் நடக்க வேண்டும் என்றால் எப்படி? லீவுக்கு வந்தால் கல்யாண வீடு, பால்காய்ச்சு, பேங்க் என்று நாள் ஓடிவிடும், உட்கார்ந்து பேச நேரம் ஏது.

சண்டையும் பெரிய ராஜரகசியம் இல்லை. அனுப்பிய பணம் அம்மா கணக்குக்குப் போனதா மனைவி கணக்குக்குப் போனதா, ஏடிஎம் கார்டு யார் கையில், ராத்திரி பதினொன்றரைக்கு ஆன்லைனில் இருந்தாயே, என் போனை ஏன் எடுக்கவில்லை. இவ்வளவுதான். ஊர்ப் பெரியவர்களிடமோ ஃபாதரிடமோ போனால் நல்ல மனசோடுதான் பேசுவார்கள், ஆனால் "நீ கொஞ்சம் பொறுத்துப்போ மக்களே" என்பது பெரும்பாலும் பெண்ணைப் பார்த்துத்தான் வரும். முறையாகப் படித்த கவுன்சிலர் தீர்ப்பு சொல்வதில்லை. ஒருவர் பேசி முடித்ததும் மற்றவர் தான் கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும், அப்புறம்தான் பதில். அவள் கேட்கக் கேட்க அவன் வாயை மூடிக்கொள்வதும், அவன் மூட மூட அவள் குரல் ஏறுவதுமாக ஒரே சுற்றில் இரண்டு பேரும் மாட்டிக்கொண்டிருப்பதைக் காட்டித் தருவார்கள். வீடியோவில் ஒரு வசதி, குறுக்கே கத்துகிறவரை மியூட்டில் போடலாம். ஊர்ப் பஞ்சாயத்தில் முடியுமா?

ஆனால் எல்லாம் இருந்தும் பேச இடம் இல்லை. எங்கள் பக்கத்து வீட்டு மருமகள் மொட்டை மாடியில் தண்ணி டேங்குக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஹெட்செட்டைத் தலைமுடிக்குள் மறைத்துக்கொண்டுதான் பேசுவாள். மாமியார் கொப்பரை கிளற மேலே வந்தால் "கரண்ட் போச்சு" என்று சொல்ல வேண்டும், உடனே அந்தப் பக்கம் கவுன்சிலர் சமையல் பேச்சுக்கு மாறிவிடுவார் என்று இருவருக்கும் ஒப்பந்தம். கெட்டிக்காரத்தனம்தான், ஆனால் மாமியாரைப் பற்றிச் சொல்ல வந்ததை மாமியார் காதில் விழாமல் சொல்லவே பாதி நேரம் போய்விடுகிறது. கணவர் பக்கமும் இதே கதைதான், ஒரே ரூமில் ஆறு கட்டில். போதாததற்கு துபாயில் வாட்ஸ்அப் கால் போகாது, அதனால் எந்த ஆப்பில் பேசுவது என்பதை முதலிலேயே பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். கவுன்சிலர் என்று யூடியூபில் பெயர் போட்டுக்கொள்ள யாருக்கும் தடை இல்லை, ஆகவே என்ன படித்தார் என்று கூச்சப்படாமல் கேளுங்கள், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று சொன்னால் இந்திய மறுவாழ்வு கவுன்சில் பதிவெண்ணைக் கேளுங்கள். அடி உதை இருக்கிற வீட்டில் இருவரையும் சேர்த்து உட்காரவைத்துப் பேசுவது ஆபத்து, அவள் வாய் திறந்து சொன்னதற்கு போனை வைத்ததும் அடி விழும். அங்கே பெண்கள் உதவி எண் 181-ஐ அழைக்க வேண்டும், 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இருப்பதே அதற்குத்தான். கையில் காசில்லாதவர்களுக்கு 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் இருக்கிறது, 14416, இலவசம், ராத்திரியிலும் தமிழில் பேசலாம். மாதக்கணக்கில் தம்பதியை உட்காரவைத்துப் பேசும் ஏற்பாடு இல்லை அது, ஆனால் முதல் அழைப்புக்கு நல்ல இடம்.

மாவட்ட நிர்வாகத்திடம் நான் கேட்பது பெரிய கட்டடம் எதுவும் இல்லை. நம் ஒன்பது ஒன்றியங்களிலும் ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில், ஓபி கூட்டம் குறைந்த மதியத்துக்கு மேல், உள்ளிருந்து தாழ்ப்பாள் போடக்கூடிய ஒரு அறை, ஒரு நாற்காலி, வைஃபை, சத்தம் வெளியே போகாமல் ஒரு ஃபேன். இங்கே மூன்று மணி என்றால் துபாயில் ஒன்றரை, சவுதியில் பன்னிரண்டரை, பலருக்குச் சாப்பாட்டு நேரம், அவர்களும் எங்காவது ஒதுங்கிப் பேசலாம். கிள்ளியூரிலும் முஞ்சிறையிலும் முதலில் வைத்துப் பார்க்கட்டும். சுகர் மாத்திரை வாங்கப் போகிற மாதிரி போய்விட்டு வரலாம், யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். ஒன்று மட்டும், வாசலில் நோட்டுப் போட்டு "பெயர், வந்த காரணம்" எழுதச் சொன்னால் ஒருத்தியும் வர மாட்டாள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கருங்கல், கன்னியாகுமரி மாவட்டம்.