உடலுறவில் வலிக்கும் பெண்ணை எங்கே அனுப்புவது?

கிழக்கு மாகாண சுகாதார சேவைகள் பணிப்பாளர் அவர்களுக்கும், மட்டக்களப்பு, கல்முனை, அம்பாறைப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர்களுக்கும்,

வணக்கம். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையில் குடும்ப நல உத்தியோகத்தராக (மருத்துவமாதாக) வேலை பார்த்து ஓய்வுபெற்றவள் நான். இரத்த அழுத்தம் கூடிய கர்ப்பிணியை எங்கே அனுப்புவது என்று எனக்குத் தெரிந்திருந்தது. மார்பில் கட்டி என்று வந்தவளைச் சுகவனிதையர் கிளினிக்குக்கு அனுப்பினேன். புருசன் அடித்துக் காயத்தோடு வந்தவளுக்கு வைத்தியசாலையின் நட்பு நிலையத்தைக் காட்டினேன். "அந்த நேரம் நோகுது மிஸ், தாங்க ஏலாது" என்று வாசல்வரை வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னவளை அனுப்ப மட்டும் எனக்கு ஓர் இடம் இருந்ததில்லை.

அப்படிச் சொன்னவர்கள் ஒரு வகையினர் அல்லர். கலியாணம் முடித்து மாதக்கணக்காகியும் உறவு கூடாத பெண் இருந்தாள். முதற்பிள்ளைக்குப் போட்ட தையல் ஆறிய பிறகும் எரிகிறது என்றவள் இருந்தாள். மாதவிடாய் நின்றபின் வறட்சியால் அவதிப்பட்டவளும், மாதவிடாய்க்கும் உறவுக்கும் ஒரே மாதிரி அடிவயிறு பிடிக்கிறது என்றவளும் இருந்தார்கள். எல்லோருக்கும் ஊர் சொன்ன பதில் ஒன்றுதான்: "அது அப்படித்தான் புள்ள, போகப்போகச் சரிவரும்."

சிலருக்குச் சரிவரும். பால் கொடுக்கும் காலத்தில் ஈஸ்ட்ரஜன் குறைந்து யோனி வறண்டிருப்பது பால் குடி குறையக் குறைய மாறும். சீனி வருத்தக்காரிக்கு வரும் பூஞ்சைத் தொற்று மருந்துக்கு அடங்கும். கருப்பையின் உட்படலம் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் என்றால் பெண்நோயியல் நிபுணர்தான் பார்க்க வேண்டும். ஆகவே முதலில் வைத்தியர் பரிசோதிப்பதே முறை. ஆனால் தொற்று மாறி, தையல் ஆறி, ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று துண்டு எழுதிக் கொடுத்த பிறகும் நோகிறதே, அந்தப் பெண்களைப் பற்றித்தான் இந்த மடல்.

சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் மூன்றையும் அடியிலிருந்து தாங்கும் தசைகள், முன் எலும்பிலிருந்து வால் எலும்பு வரை விரிந்து கிடக்கின்றன. இவைதான் இடுப்புத்தளத் தசைகள். ஒருமுறை கடுமையாக நொந்தால் அடுத்த முறை இவை தாமாகவே இறுகும். கண்முன்னே கை வீசினால் இமை மூடுவதைப் போல, அவள் சொல்லி நடப்பதல்ல அது. இறுகிய தசையில் மறுபடி நோகும். நொந்ததால் இன்னும் இறுகும். இந்தச் சுற்றை "மனசைத் திடமாக வைச்சிரு" என்ற புத்திமதி உடைக்காது. பரசிட்டமோலும் உடைக்காது.

உடைக்கத் தெரிந்தவர் இயன்மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்), அதிலும் இடுப்புத்தளத்துக்கென்று தனிப்பயிற்சி பெற்றவர். அவர் முதலில் செய்வது கேட்பது. பிறகு வயிறு எழுந்து தாழ மூச்சு விடப் பழக்குவார். தசை இறுகுவதையும் விடுவதையும் அவளே உணரச் செய்வார். தழும்பு இழுத்துப் பிடித்திருந்தால் அதை நீவி இளக்கக் காட்டிக் கொடுப்பார். பிறகு, அவள் சம்மதித்தால் மட்டும், யோனித் தசையை மெல்ல மெல்ல இளகப் பழக்கும், சுண்டுவிரல் அளவில் தொடங்கும் டைலேட்டர் என்ற வழவழப்பான குச்சிகளைப் படிப்படியாகப் பயன்படுத்தப் பழக்குவார். வீட்டில், தன் கையால், தன் வேகத்தில் அவள் செய்யும் பயிற்சி இது. எந்த இடத்திலும் "போதும்" என்று நிறுத்தும் உரிமை அவளுக்கு உண்டு.

பயிற்சி பெற்றவரே வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 1948இல் அமெரிக்க மருத்துவர் ஆர்னோல்ட் கீகல் எழுதிய பயிற்சி இப்போது போனைத் திறந்தால் தானாக வந்து நிற்கிறது. அது தளர்ந்த தசையை இறுக்கிப் பலப்படுத்தும் பயிற்சி. சிறுநீர் கசிபவளுக்கு நல்லது. ஏற்கெனவே இறுகிக் கிடப்பவள் அதைச் செய்தால் நோ கூடும். இரண்டையும் பிரித்தறிய ஆள் வேண்டும், வீடியோ போதாது.

இதை வெறும் நாகரிகப் பேச்சு என்று யாரும் ஒதுக்கக் கூடாது என்பதற்காக ஓர் ஆய்வைச் சொல்கிறேன். யோனி வாசலில் தொட்டால் நோகும் 212 பெண்களைக் கனடாவில் இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு 10 வாரம் இயன்மருத்துவம், மற்றதற்கு மரக்கச் செய்யும் லிடோகேன் களிம்பு. 2021இல் வெளிவந்த முடிவின்படி, நன்றாகக் குணம் தெரிகிறது என்றவர்கள் இயன்மருத்துவப் பிரிவில் 79 வீதம், களிம்புப் பிரிவில் 39 வீதம்.

நோவைக் கவனிக்காமல் விட்டால் அது படுக்கையறையோடு நிற்பதில்லை. உறவே கூடாத தம்பதியர் "பிள்ளை தங்கவில்லை" என்று கோயில், பள்ளிவாசல், கிளினிக் எல்லாம் ஏறி இறங்குகிறார்கள். யோனியை விரித்துப் பார்க்கும் ஸ்பெக்குலம் என்ற கருவியை நினைத்தே உடம்பு இறுகும் பெண், 35 வயதில் கூப்பிட்டாலும் 45இல் கூப்பிட்டாலும் பாப் பரிசோதனைக்கு வரமாட்டாள். நமது கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்ச் சோதனைக்கு வராதவர்களில் இவர்களும் இருக்கிறார்கள் என்று யாராவது எண்ணிப் பார்த்ததுண்டா?

நம் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். தாய் வீட்டில் இருப்பவளுக்குச் சொல்லி அழ ஆளா இல்லை என்று கேட்பார்கள். அடுத்த அறையில் படுத்திருக்கும் தாய்க்குத்தான் இது கடைசியில் தெரியவரும். தெரிந்தாலும் மருமகன் கோபித்துப் போய்விடுவாரோ என்ற பயம் முந்திக்கொள்ளும். கணவன்மாரையும் நான் மொத்தமாகக் குறை சொல்லமாட்டேன். பலர் தாங்கள் எதையோ பிழையாகச் செய்வதாகப் பயந்தவர்கள். கொஞ்சக் காலம் அந்த முயற்சியையே விட்டு வையுங்கள் என்று ஒருவர் சொன்னால் ஆறுதலடைவார்கள். வற்புறுத்துபவரின் கதை வேறு. நீதிமன்றம் பிரித்து வைத்தாலொழிய, கணவன் செய்யும் வன்புணர்வை நமது தண்டனைச் சட்டக்கோவை குற்றமாகக் கொள்வதில்லை. சட்டம் கைவிட்ட இடத்தில் கிளினிக்காவது அவள் பக்கம் நிற்கட்டும்.

நான் கேட்பது புதுக் கட்டடமல்ல. இப்போது வேலையிலுள்ள பெண் இயன்மருத்துவர்களில் விருப்பமுள்ளவர்களை இடுப்புத்தளச் சிகிச்சைப் பயிற்சிக்கு அனுப்புங்கள். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலும், கல்முனைப் பிராந்தியத்தில் ஓர் ஆதார வைத்தியசாலையிலும், அம்பாறை வைத்தியசாலையிலும் வாரத்தில் ஒரு நாளாவது அவர்கள் இருக்கட்டும். திரை போதாது, தாழ்ப்பாள் போட்ட கதவு வேண்டும். அம்பாறைக்கு வரும் தமிழ்ப் பெண், முஸ்லிம் பெண் ஆகியோரிடம் தமிழில் கேட்க ஒருவர் வேண்டும். இந்த நோவை மொழிபெயர்ப்பாளர் ஒருவரை நடுவில் வைத்து எவளும் சொல்லமாட்டாள். பிள்ளைப்பேற்றுக்குப் பின் வீட்டுக்குப் போகும் என் தங்கைமாரான இன்றைய குடும்ப நல உத்தியோகத்தர்கள் தையலையும் பாலையும் குடும்பக் கட்டுப்பாட்டையும் கேட்கிறார்கள், "சேரும்போது நோகுதா?" என்பதையும் கேட்கச் சொல்லுங்கள். கேட்டால் சொல்வார்கள். புதுமணத் தம்பதியர் வகுப்பிலும் இதற்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள்.

"நம்ம பொம்பிளையள் இதுக்கெல்லாம் வருவாங்களா?" என்று கூட்டத்தில் யாராவது கேட்பார்கள். சுகவனிதையர் கிளினிக் 1996இல் நாட்டில் தொடங்கியது. இங்கேயும் அதையே கேட்டார்கள். பெண் உத்தியோகத்தரும் சாத்திய கதவும் இருந்ததால் பெண்கள் வந்தார்கள்.

தூரம் உண்மையான தடை. மண்டூரிலிருந்து வாவியைக் கடக்கும் பாதை என்ற மிதவையில் ஏறிக் குருமண்வெளிக்கு வந்து பஸ் பிடிப்பவளுக்கு ஒரு நாள் கூலி போகும், வீட்டில் காரணமும் சொல்ல வேண்டும். அதனால் தவணைகளைக் குறைத்து, வீட்டுப் பயிற்சியைக் கூட்டி, இடையில் தொலைபேசியில் விசாரியுங்கள். அட்டையில் "இடுப்பு நோ" என்று மட்டும் எழுதுங்கள். கிளினிக் அட்டையை வீட்டில் எல்லாரும் எடுத்துப் பார்ப்பார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற குடும்ப நல உத்தியோகத்தர் ஒருவர்,
போரதீவுப்பற்று.